பெண்ணுகாணல் ஷீட்

ஏலிக்குட்டிச் சேச்சி புருஷனுடைய சட்டையை மோந்து பார்த்தே கம்பெனியில் அன்றைக்கு என்ன ஓடியது என்று சொல்லிவிடுவாள். புகைபோட்டு உலர்த்திய நல்ல ஷீட் ரப்பர் ஓடிய நாளில் சட்டையில் புகைவாடைதான் இருக்கும். பார்சோப்பு போட்டு ஒரு அடி அடித்தால் போய்விடும். பழைய டயரை அரைத்த டயர்மாவு ஓடிய நாள் என்றால் மூன்று தண்ணீரில் அலசினாலும் போகாது. செத்த எலியை மண்ணெண்ணெயில் அவித்த மாதிரி ஒரு வாடை. அந்தச் சட்டையை அவள் வீட்டுக்குள் ஏற்ற மாட்டாள். கிணற்றடிக் கல்லிலேயே கிடக்கும்.

கோட்டயம் பக்கத்துக் கறுகச்சாலிலிருந்து உள்ளே போகிற மண்சாலையில், மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் நடுவே அந்த வீடு. அதன் பக்கவாட்டில் ஒட்டி இறக்கிய சாய்ப்பில் ஆறு வருஷம் குடியிருந்தேன். எனக்கு ஊர் குலசேகரம். தமிழ்நாட்டுக்காரன் என்பதால் கம்பெனியில் எல்லாருக்கும் நான் 'பாண்டி'. கோபம் வந்தால் 'பாண்டி', பிரியம் வந்தாலும் 'பாண்டி'. ஏலிக்குட்டிச் சேச்சி மட்டும் 'தாசே' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். காலையில் பால் ஊற்றாத கட்டஞ்சாயா, ராத்திரிக்கு மரச்சீனியும் குடம்புளி போட்ட மத்திக்கறியும். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டுதான் நான் செய்ததைச் செய்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கம்பெனி குரியாச்சன் முதலாளியுடையது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் தேய்ந்த டயரின் மேல் ஒட்டுகிற ரப்பர் பட்டை செய்கிற இடம். எனக்கு லேபில் வேலை. லேப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சிமிண்டு போட்ட ஒரு அறை, கலவை எவ்வளவு இறுக்கம், எவ்வளவு இளக்கம் என்று முள்ளால் காட்டுகிற ஒரு பழைய மெஷின், ஒரு நோட்டு, ஒரு ரப்பர் ஸ்டாம்பு. முள் சரியான இடத்தில் நின்றால் நான் ஸ்டாம்பு அடிப்பேன்.

சேச்சியின் புருஷன் ஔதக்குட்டி அச்சாயன் மில்லில் ஆசான். மில் என்பது ஆள் நீளத்துக்கு இரண்டு இரும்பு உருளை. ஒன்றையொன்று பார்த்தபடி உள்நோக்கிச் சுழலும். நடுவே ரப்பரைப் போட்டால் மசிந்து, முன்னுருளையில் கருப்புத் துணி சுற்றின மாதிரிச் சுற்றிக்கொள்ளும். கரி, எண்ணெய் எல்லாம் அதன் மேல் தூவி, கத்தியால் வெட்டி மடக்கி, திரும்பத் திரும்ப விட வேண்டும். நல்ல ரப்பர் என்றால் அது தானாகப் போகும், தானாக வரும். ஆசான் கத்தியோடு நின்றால் போதும். ஷீட்டில் பெருவிரலை அழுத்தி, குழி நிமிர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தே என் மெஷின் காட்டப் போகிற எண்ணைச் சொல்லிவிடுவார் அவர். இரண்டு எண் தப்பினால் அதிகம்.

செலவு மிச்சம் பிடிக்கக் கலவையில் டயர்மாவும் வெள்ளைக்களிமண்ணும் சேர்ப்பார்கள். எல்லா இடத்திலும் சேர்ப்பதுதான், அளவோடு சேர்த்தால் தப்பில்லை. குரியாச்சன் முதலாளிக்கு அளவு என்று ஒன்று கிடையாது. சர்ச்சில் முதல் வரிசையில் முட்டுப் போட்டு நிற்பார், திரும்பி வந்து இன்னும் இரண்டு சாக்குக் களிமண் என்பார். அளவு மீறினால் கலவை செத்துப்போகும். உருளையில் சுற்றாது. பொட்டுப் பொட்டாக உதிர்ந்து கீழே தட்டில் விழும். அள்ளி மேலே போட்டால் உருளைக்கு நடுவே இறங்காமல் மேலேயே உருண்டு விளையாடும். அப்போது ஒரே வழி, முஷ்டியை மடக்கி மேலேயிருந்து குத்தி உள்ளே தள்ளுவது. எங்கள் கம்பெனியில் எல்லா மில்காரனும் குத்தினான். ஒருவனுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கை தானாகக் கற்றுக்கொண்டது.

உருளைக்கு மேலே ஒரு கம்பி உண்டு, இழுத்தால் மில் நிற்கும். குத்துகிறபோது முழங்கை பட்டு அடிக்கடி நின்றுபோய்க் கலவை கெட்டதால் அதை டியூப் துண்டால் உயரத் தூக்கிக் கட்டி வைத்திருந்தோம். நாங்கள்தான் கட்டினோம்.

இன்னொரு அசிங்கத்தையும் சொல்ல வேண்டும். வாங்குகிறவர்கள் சாம்பிள் பார்க்க வரும்போது, டயர்மாவு ஒரு பொடிகூடச் சேராமல், நல்ல ஷீட் ரப்பரில் தனியாக ஒரு கலவை போடுவோம். கண்ணாடிபோல மினுங்கும், விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும். அதற்குக் கம்பெனியில் 'பெண்ணுகாணல் ஷீட்' என்று பெயர். பெண்பார்க்க வரும்போது அக்கா முகத்தைக் காட்டி, கலியாணத்தன்று தங்கையைத் தள்ளிவிடுகிற வேலை. அதைப் போடுவது அச்சாயன் மட்டும்தான். வேறு யாரையும் தொட விடமாட்டார். போடுகிற நாளில் பீடிகூடப் பிடிக்க மாட்டார். அது கள்ளச்சரக்கு என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் மாசத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் ஆசானாக இருந்தார், மற்ற நாளெல்லாம் சாணி மிதித்தார்.

ஆடி மாசம், கர்க்கடகத்து மழை பிடித்த நேரம். தோட்டத்தில் பால்வெட்டு நின்று ஷீட் விலை ஏறிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை கலவையில் டயர்மாவை இரட்டிப்பாக்கச் சொன்னார் முதலாளி. சோதனைக்குப் போட்ட சின்னக் கலவையில் என் மெஷின் முள் உச்சிக்குப் போய் நடுங்கியது. இறுக்கம் கூடுதல், ஓடாது என்றேன். எண்ணெய் ஊற்றுடா, பாண்டிக்கு இதைக்கூடவா சொல்லித் தரணும் என்று சிரித்தார். ஊற்றினோம். முள் இறங்கிச் சரியான இடத்தில் வந்து நின்றது. எண்ணெய் முள்ளைத்தான் ஏமாற்றும், உருளையை ஏமாற்றாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஸ்டாம்பு அடித்தேன்.

அப்படிப்பட்ட கலவைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பத்து நிமிஷம் மணலாக உதிரும். சூடு ஏறினதும், எண்ணெய் வெளியே வந்து, ஒரே நொடியில் பசையாகிப் பிடிக்கும். அச்சாயன் குத்திக்கொண்டிருந்தார். மணல் பசையான நொடியில் முஷ்டி அதற்குள் இருந்தது. கம்பி கைக்கு எட்டாத உயரத்தில். பக்கத்து மில்லில் நின்ற சதானந்தன் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தான். அணைத்த பிறகும் உருளை அரைச்சுற்று சுற்றியது. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். வலது கை மணிக்கட்டோடு போனது.

அன்று சாயங்காலம் முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அழுதார். சத்தியமாகக் கண்ணீர் விட்டு அழுதார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, மில்லில் கிடக்கிற கலவை கந்தகம் போடாததுதானே, கெட்டுப்போகாதே என்று கேட்டார். கந்தகம் சேர்ந்த கலவைதான் வைத்திருந்தால் இறுகி வீணாகும். எங்கள் தொழிலில் எதையும் வீசுவதில்லை. கெட்ட கலவையைக் கைப்பிடி கைப்பிடியாக அடுத்த கலவைகளில் சேர்த்துத் தீர்ப்பது வழக்கம். எனக்கு அவர் கேட்டது முதலில் விளங்கவில்லை. "கழுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்துரு தாசே" என்று, முதல் தடவையாக என் பெயரைச் சொல்லி, அவரே விளக்கினார்.

வெளியே வந்து பலாமரத்தடியில் வாந்தி எடுத்தேன். சதானந்தன் ரத்தம் பட்ட பாகத்தை வெட்டி எடுத்து, தோட்டத்து எல்லையில் குழி தோண்டிப் புதைத்து, மேலே ஒரு செம்பருத்திக் கம்பை நட்டான். அவன் நட்டது எந்தச் சாமிக்கு என்று யாரும் கேட்கவில்லை. மீதி முப்பது கிலோ இருக்கும். அதைச் சாக்கில் கட்டிக் களிமண் மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, சேர்த்தாச்சு என்று முதலாளியிடம் சொன்னேன். சேர்க்கவும் மனசில்லை, மாட்டேன் என்று சொல்லவும் முதுகெலும்பில்லை. என் நேர்மை அந்தச் சாக்களவுதான்.

கோட்டயத்து ஆஸ்பத்திரியிலிருந்து அச்சாயன் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் முதலாளி ஆரஞ்சுப் பையோடு வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பேசிக்கொண்டே பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தார், நாரெல்லாம் பக்குவமாக எடுத்தார், பிறகு தானே ஒவ்வொரு சுளையாகத் தின்றார். 

அவர் கேட்டது ஒரு ஒப்பு, அதாவது கையெழுத்து. காலையில் கள்ளு குடித்துவிட்டு மில்லில் நின்றேன், தவறு என்னுடையது என்று ஒரு தாளில். ஆஸ்பத்திரிச் செலவை அவர் பார்ப்பாராம், ஏலிக்குட்டிக்குப் பாக்கிங்கில் வேலையாம். டயர்மாவு, கம்பி என்று பேச்சு வெளியே போனால் பஸ்காரர்கள் சரக்கைத் திருப்பிவிடுவார்கள், கம்பெனி பூட்டிப்போகும், நாற்பது குடும்பம் தெருவில் நிற்கும். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"பிறகு ஒண்ணு ஔதக்குட்டி. அந்தப் பெண்ணுகாணல் ஷீட்டெல்லாம் ஆரு போட்டது? என் கையா? அது வெளிய வந்தா போலீசுகாரன் ஆரைப் பிடிப்பான்?"

அச்சாயன் போர்வைக்குள் கிடந்த கையைப் பார்த்தார். அதாவது கை இருந்த இடத்தைப் பார்த்தார். ஏலிக்குட்டிச் சேச்சி வாசலில் முறத்தோடு நின்றிருந்தாள்.

"முதலாளி, இந்த மனுஷன் நெசமாக் குடிச்சிட்டு வந்து என் தலையச் சுவத்துல முட்டின காலம் உண்டு. அன்னைக்கு ஒருத்தரும் எழுதி வாங்கல. இப்ப பதினோரு வருஷமா ஒரு துளி தொட்டதில்ல. இப்பவா எழுதணும்?"

சத்தம் போடவில்லை அவள். முறத்திலிருந்த பயறை ஒரு தரம் புடைத்தாள், அவ்வளவுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பில் அவர் குடியை விட்டதும், அதன் பிறகுதான் அந்த வீட்டுக்குக் கதவும் ஜன்னலும் வந்ததும் கறுகச்சால் முழுக்கத் தெரியும். அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பதினோரு வருஷம். முதலாளி தாளை ஆரஞ்சுத் தோலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மழை சாய்ப்பின் ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய பலகைச் சுவர், உள்ளே பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும்.

"எழுதிக் குடுத்திரலாம் ஏலி. கள்ள ஷீட்டுப் போட்டது நான்தானே. எனக்கு வர வேண்டியதுதான்."

"கள்ள ஷீட்டுக்குக் கை போச்சு. அது உமக்கும் கர்த்தருக்கும் உள்ளது, நான் நடுவுல வரல. குடிக்காத கள்ளுக்கு நான் எதைக் குடுக்கணும்? சொல்லும்."

 அன்று மத்தியானம் எனக்கு மரச்சீனி வைக்கும்போது சேச்சி கேட்டாள்.

"தாசே, அன்னைக்கு மில்லுல என்ன ஓடிச்சு?"

நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன் சேச்சி என்றேன். அவள் சட்டையை மோந்தே தெரிந்துகொள்கிறவள், என்னிடம் கேட்டது தெரிந்துகொள்வதற்காக இல்லை.  வைத்த மரச்சீனியை ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்றேன். என்னைப் போன்ற பிறவிக்குச் சோறு எப்படியும் இறங்கிவிடும்.

தாள் கையெழுத்தில்லாமல் கிடந்ததால் விசாரணை வந்தது. கோட்டயத்திலிருந்து ஃபாக்டரி இன்ஸ்பெக்டராக வந்தது ஒரு பெண், முப்பது வயசிருக்கும். அங்கே அதிகாரி பெண்ணானாலும் சார் என்பதற்கு 'சாறே'தான். மழைக்கோட்டைக் கழற்றி உதறிவிட்டு நேரே மில்லுக்குத்தான் போனாள். முந்தின நாளே தரையைக் கழுவி, கம்பியை அவிழ்த்துக் கைக்கு எட்டுகிற உயரத்தில் இறக்கி, பெயிண்டுகூட அடித்திருந்தார்கள். காலையில் முதலாளி என் தோளில் கைபோட்டு, அன்றைக்கு ஓடினது நல்ல ரப்பர்தான், நோட்டில் முள் சரியாக இருக்கிறதே, நீ பொய் சொல்ல வேண்டியதே இல்லையே என்றார். நான் தலையாட்டினேன்.

அச்சாயனையும் வரச் சொல்லியிருந்தார்கள். வெள்ளை முண்டும் சட்டையும் போட்டு, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்து நின்றார். பக்கத்தில் சேச்சி, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

எப்படி வேலை நடக்கும் என்று ஓட்டிக் காட்டச் சொன்னாள் இன்ஸ்பெக்டர். சதானந்தன் மில்லைப் போட்டான். முதலாளி கண்காட்ட, உள்ளேயிருந்து ஒரு ஷீட்டைக் கொண்டுவந்தார்கள். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. போன மாசம் அச்சாயன் போட்ட பெண்ணுகாணல் ஷீட்டில் மிச்சம்.

அது உருளைக்கு நடுவே வழுக்கிக்கொண்டு இறங்கியது. நாலு சுற்றில் முன்னுருளையில் தோல்போலப் படிந்தது. ஒரு கிழிசல் இல்லை, கீழே தட்டில் ஒரு பொட்டு விழவில்லை. சதானந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவ்வளவு அழகாக ஒரு பொய் சுற்றி நான் பார்த்ததில்லை.

"பாருங்க சாறே, கை வைக்க வேண்டிய வேலையே இல்ல. நிதானத்துல இருக்கிறவன் இதுக்குள்ள கைய விடுவானா? நானா அந்தப் பாவப்பட்டவனக் குடின்னு சொன்னேன்?" என்றார் முதலாளி. கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

இன்ஸ்பெக்டர் அச்சாயன் பக்கம் திரும்பினாள். "அப்ப உங்க கை அங்க எதுக்குப் போச்சு?"

அச்சாயன் உருளையையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் போட்ட ஷீட் தனக்கே எதிராகச் சாட்சி சொல்கிறது. என்ன சொல்வார்? உதடு அசைந்தது. குடித்திருந்தேன் என்று சொல்லத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சேச்சி கவரை அவிழ்த்தாள். உள்ளே அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டை, ஆஸ்பத்திரியில் கத்தரியால் வெட்டி எடுத்தது. மூன்று வாரமாகத் துவைக்காமல் வைத்திருந்திருக்கிறாள், அந்த வாடைச் சட்டையை வீட்டுக்குள் ஏற்றாதவள். கவர் திறந்ததும் நாற்றம் பொங்கி வந்தது. டயர்மாவும் அவிந்த எண்ணெயும் பழைய ரத்தமும். பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். முதலாளி கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

"சாறே, எனக்கு எழுத்து அவ்வளவு வராது. இதையும் மோந்து பாருங்க, அந்தச் சுத்துறதையும் மோந்து பாருங்க."

துணியை மோந்து விசாரணை நடத்துகிற காலம் வந்துவிட்டதா என்று முதலாளி சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. குனிந்து மோந்தாள். முகம் கோணியது. மில்லை நிறுத்தச் சொல்லி, கிட்டே போய் ஷீட்டையும் மோந்தாள்.

"ரெண்டும் வேற வாடைதான். ஆனா வாடைய நான் ரிப்போர்ட்டுல எழுத முடியாது. அன்னைக்கு ஓடின கலவை கொஞ்சமாவது இருக்கா?"

"எங்க இருக்கும்? அது அன்னைக்கே தீந்து போச்சே. லேப்காரன் இருக்கான், கேளுங்க. சொல்லு தாசே" என்றார் முதலாளி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏலிக்குட்டிச் சேச்சி பார்க்கவில்லை. அவள் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் சட்டையை மடிக்கிற மாதிரி.

"இருக்கு" என்றேன்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த நாற்றம் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். அது சட்டையிலிருந்து மட்டும் வரவில்லை.

களிமண் மூட்டைக்குப் பின்னாலிருந்து சாக்கை இழுத்து வந்தேன். முதலாளி என் ஊரையும் என் அம்மாவையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார், இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்ததும் முழுங்கிக்கொண்டார். சதானந்தன் நல்ல ஷீட்டை வெட்டி எடுத்துவிட்டுச் செத்த கலவையைத் தூக்கிப் போட்டான். அவன் முகம் வெளிறியிருந்தது. அது எந்தக் கலவை என்று அவனுக்குச் சொல்லத் தேவையில்லை.

மில் சுழன்றது. கலவை சுற்றவில்லை. பொட்டுப் பொட்டாக உதிர்ந்து தட்டில் விழுந்தது. அள்ளிப் போட்டான். உருளைக்கு மேலே கிடந்து உருண்டது, இறங்கவில்லை. மறுபடி அள்ளிப் போட்டான். இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்துகொண்டு, இது எப்படி உள்ளே போகும் என்று கேட்டாள். அவள் அதைச் சும்மாதான் கேட்டாள்.

 சதானந்தனின் வலது கை முஷ்டி மடங்கி மேலே எழுந்து கலவை மேல் இறங்கியது. ஒரு குத்து. இரண்டாவது குத்துக்கு ஓங்கியபோது ஐந்தாறு பேர் ஒரே குரலாகக் கத்தினார்கள். அவன் நெருப்பில் பட்டவன்போலக் கையைப் பின்னால் இழுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் குத்தணும்னு நெனக்கல சாறே" என்றான். யாரோ கம்பியை இழுத்து மில்லை நிறுத்தினார்கள்.

குடியைப் பற்றி அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுதத் தொடங்கிவிட்டாள். மழைச் சத்தத்தில் பேனா ஓடுவது கேட்டது.

நான் அச்சாயனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. நின்ற உருளையின் மேல் இறங்காமல் கிடந்த கலவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட கை நெஞ்சிலிருந்து எழுந்து, முன்னால் நீண்டு, காற்றைக் குத்திக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கலவை போகவில்லை, அதனால் அவர் நிறுத்தவில்லை.

சேச்சி கவரைத் தரையில் வைத்தாள். இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்தாள்.

"போதும் மனுஷா" என்றாள். "அது போகாது."